சந்தனம் பட்ட வால்வு

எழுதிப் பழகாத கை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் கோணலாகப் போகும், நடந்தது முன்னும் பின்னுமாக வரும், சில பெயர்கள் மறந்தும் போய்விட்டன. பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த வால்வைப் பற்றி ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

கார் இன்ஜினுக்குள்ளே இருக்கிற வால்வு அது. தலைகீழாக நிறுத்தினால் காளான் மாதிரி இருக்கும். நீளத் தண்டு, மேலே விரிந்த குடை. உடம்பெல்லாம் எருமைத்தோல் நிறம். தண்டில் ஓரிடத்தில் மட்டும் வெளுப்பாக ஒரு பொட்டு. பார்க்கிறவர்கள் துரு என்று நினைப்பார்கள். துரு இல்லை.

கோயம்புத்தூரில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். நான் வெள்ளைத் துணியால் வால்வைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, கம்பிச் சட்டத்தில் தொங்கவிடுவேன். அவர் குரோம் தொட்டியில் இருந்தார். தண்டு தேயாமல் இருக்க அதன்மேல் குரோம் முலாம் ஏற்றுவார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி தோற்றுப்போகும், முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து எழும் ஆவி மூக்கைத் தின்றது. அவருக்கு மூக்குக்குள் புண் ஆறவே இல்லை. காலையில் எழுந்தால் தலையணையில் ரத்தம். வாசனை என்பதே போய்விட்டது. ஒருநாள் ஊசிப்போன குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பாதி தின்றுவிட்டார். நான் பதறிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். "உடு புள்ள, நீ எத வெச்சாலும் எனக்கு ஒண்ணுதான், நீதான் குடுத்து வெச்சவ" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அப்போதுதான் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் பட்டறைக்குப் பரிசோதனை வேலைக்கு வந்தார். லேப் அம்மணி என்றே எல்லோரும் கூப்பிட்டோம். வந்த கொஞ்ச நாளிலேயே தொட்டியை நிறுத்திவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னார். அதற்குப் பதிலாக நைட்ரைடிங். வால்வுகளை மூடிய உலையில் வைத்து, அம்மோனியா வாயுவை விட்டுச் சூடாக்குவது. "தேயாம இருக்கோணும்னா பளபளப்பு வேணும்னு இல்லீங்க. குரோம் மேல போடற சட்டை, ஒரு நாளைக்குக் கிழியும். இது தோல்ல வெயில் ஏறுற மாதிரி இரும்புக்குள்ளயே போயிருமுங்க" என்றார்.

ஓர் இன்ஜினில் பாதி குரோம் வால்வு, பாதி உலை வால்வு போட்டு, பட்டறை மூலையில் இரவு பகலாக ஓடவிட்டார். பிரித்த அன்று, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் என்னையும் பார்க்கச் சொன்னார். நான் கூச்சப்பட்டு ஒதுங்கினேன். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். முகம் பார்க்கலாம் என்று நான் வியந்த அந்தக் குரோம், காய்ந்த வாய்க்கால் சேறு போல வெடித்து, ஓரத்தில் உரிந்து கிடந்தது. உலையில் வெந்த அழகில்லாத கறுப்பு வால்வோ போட்டது போட்டபடி. இத்தனை வருஷம் துடைத்த பொருளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

வால்வு வாங்கும் கம்பெனிக்காரர்கள் சம்மதித்தால்தான் தொட்டியை நிறுத்த முடியும். உலையைத் திறக்கும்போது தாங்களே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கான வால்வுகளை நான் துடைத்துத் தொங்கவிட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. லேப் அம்மணி ஊருக்குப் போயிருந்தார். முதலாளி குளித்து வேட்டி கட்டி, பட்டறையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். லேத்துக்கு, தராசுக்கு, விளக்குமாற்றுக்கு, திறந்திருந்த உலைக்கு, உள்ளே தொங்கிய முதல் வால்வுக்கும். நாங்கள் எல்லோரும் கைகூப்பி நின்றோம். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் வைக்கிற நாளில் அதற்கு மட்டும் வைக்காமல் விடுவதுதான் தப்பு. பூஜை முடிந்து உலையை மூடிப் பற்றவைத்தார்கள்.

திறந்த அன்று வந்த கம்பெனி அதிகாரி கையில் அரம். நன்றாகக் கடினம் ஏறிய வால்வில் அரம் கண்ணாடியில் போவது போல வழுக்கிக்கொண்டு போகும். முதல் வால்வைத்தான் எடுத்தார். வழுக்கிய அரம் ஓரிடத்தில் 'கர்' என்று கடித்தது. அங்கே ஒரு வெளுத்த பொட்டு.

"இப்படி இடத்துக்கு இடம் மெத்துன்னு இருந்தா எப்படி நம்புறது? பழைய குரோமே இருக்கட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

லேப் அம்மணி வால்வை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "ஏனுங்க, உங்க மோதர வெரலக் கொஞ்சம் இங்க வையுங்க" என்றார். அவர் விழித்தபடி வைத்தார். விரல் நுனி பொட்டின் மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"அடப்போங்க அம்மணி! நான்தான் சந்தனம் வெச்சுப்போட்டேன்!"

அதிகாரி சிரிக்கவில்லை. "சாமிமேல பழியப் போடாதீங்க" என்றார். "செரிங்க, மறுக்காவும் போடலாம். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அவரே சந்தனம் வெக்கட்டும், நீங்க பாத்துட்டே இருங்க" என்றார் அம்மணி, குரலை உயர்த்தாமல்.

அப்படியே செய்தோம். மறுபடி திறந்தபோது அதிகாரி ஒவ்வொரு வால்வாக அரம் வைத்துத் தேய்த்தார். எல்லாவற்றிலும் வழுக்கியது. சந்தனம் வைத்த ஒன்றில், வைத்த இடத்தில் மட்டும் கடித்தது. அத்தனை சூட்டுக்கு நடுவில், அந்த வாயு உள்ளே போக முடியாதபடி ஒரு விரல் சந்தனம் இரும்பைக் காத்து நின்றிருக்கிறது! அதிகாரி இப்போதுதான் சிரித்தார். "முதலாளி, அடுத்த வருஷம் சந்தனத்த உலைக்கதவோட நிறுத்திக்கங்க" என்றார்.

தொட்டியை மூடினார்கள். என் வீட்டுக்காரரை உலைக்கு மாற்றினார்கள். முதல் பொட்டு வால்வை லேப் அம்மணி என் கையில் கொடுத்தார். "விக்க முடியாதுங்க அக்கா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். பிறகு அவர் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ.

இந்த ஆயுத பூஜைக்கும் அலமாரியில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன், அந்த வால்வைத் தவிர. அதற்குத்தான் ஏற்கெனவே வைத்தாயிற்றே. கூடத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, புதுச் சந்தனமா? நல்லா மணக்குது" என்றார்.

உலைக்குள் விட்டது அம்மோனியாதானா, நைட்ரைடிங் என்று சரியாக எழுதியிருக்கிறேனா என்று இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுங்கள். சந்தனம் மணக்கிறது என்று அவர் சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம். அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.