மஞ்சள் தண்ணீரில் கழுவிய பின்சீட்டு

சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த அப்பாவைப் பற்றி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கு மகள் எழுதுவது.

அப்பா பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாயார் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தபோது, பிணம் ஏற்ற எந்தக் கார்க்காரரும் சம்மதிக்கவில்லை. அங்கேயே எரித்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பினார். பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அப்போது ஊரில் கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அப்பாவின் கார்தான். முகூர்த்த மாதங்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் அந்தக் கார் மேல் ஊருக்கே சந்தேகம். அப்பா யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போவார். திரும்பியதும் பின்சீட்டைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காய வைப்பார். மதுவிலக்குக் காலம் அது. சாராயம் கடத்துகிறார் என்று டீக்கடையில் பேசினார்கள். அப்பா மறுத்ததே இல்லை.

அம்மாவின் சந்தேகம் வேறு. சீட்டுக்கடியில் சாமந்தி இதழ்கள், வண்டிக்குள் பன்னீர் வாசனை.

"இன்னாங்க, எவளுக்குப் பூ வாங்கிக் குடுத்து இட்டுக்கினு சுத்துறீங்க?"

"சும்மா பேஜார் பண்ணாதே" என்பார் அப்பா. அதோடு சரி.

ஒரு நாள் அம்மா வம்படியாக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நடந்ததை, அப்பாவின் கருமாதி முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிப் பின்வாசலில் இரண்டு பேர், போர்வை போர்த்திய ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்சீட்டில் தங்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். அவள் தலை நிறையச் சாமந்தி. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி கிளம்பியதும் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, உன்னைத்தான் கேக்கறேன். எந்த ஊரு? வாயத் தொறந்து சொல்லேன்!"

பக்கத்தில் இருந்தவர் தேம்பினார். "எங்க அக்கா பூடுச்சிம்மா. ஊட்டுக்கு எடுத்துக்கினு போறோம்."

அம்மா சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் காரை மறித்தார். "உன் வண்டி மேல புகார் கீதுய்யா. போர்வைக்குள்ள இன்னா வெச்சிக்கீற?"

பிணம் ஏறின வண்டி என்று வெளியே தெரிந்தால், அப்புறம் எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? அம்மாதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"எங்க அக்கா சார். மேலுக்கு முடியாம தூங்கிக்கினு வருது. எழுப்பாதீங்க."

போலீஸ்காரர் பூவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வழி விட்டார். அன்று முதல் பின்சீட்டைக் கழுவுவது அம்மாவின் வேலையாயிற்று.

கடைசி நாட்களில் அப்பா கேட்டது ஒன்றுதான். "உசுரு இருக்கசொல்லவே என்னை ஊட்டுக்கு இட்டுக்கினு பூடுங்க." அப்படியே அழைத்து வர உதவிய பக்கத்து வீட்டாருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த என் தம்பி குடும்பத்தாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அந்தக் காரில் மாலையும் கழுத்துமாக ஊர்வலம் வந்த உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். நானும் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தவள்தான். ஒரு குறையும் இல்லை. அப்பாவைச் சாராயக்காரர் என்று பேசியவர்களும் உங்களில் பலர் உண்டு. அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும், உங்கள் ஊர்வலத்துக்கு முதல் நாள், அம்மா கழுவி வைத்த அந்தச் சீட்டைத் தன் கையால் இன்னொரு தடவை கழுவினார்.