நாற்காலிகள் கண்காட்சி, அனுமதி இலவசம்

விவேக் நகரில் அல்போன்சாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்னதான் செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வார நாளெல்லாம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் போனில் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை சமையலில் மிஞ்சிய ஆட்டெலும்பையும் கோழி இறக்கையையும் வேகவைத்துக் கழுவி மொட்டைமாடியில் காயவைப்பாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இதை மாந்திரீகம் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் கேட்டும்விட்டாள். அல்போன்சா ஆட்டின் முன்னங்காலையும் கோழி இறக்கையையும் அருகருகே வைத்து, "பாருக்கா, ரெண்டும் ஒரே கைதான்" என்றாள். பாஞ்சாலிக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

அல்போன்சா கல்லூரியில் விலங்கியல் படித்தவள். படிப்பு வேலை தரவில்லை, அவளை விடவும் இல்லை. மீன் வம்சத்தில் ஒரு கிளை சதைப்பற்றான துடுப்பை ஊன்றிக் கரையேறியதும், அதிலிருந்து தவளையும் பல்லியும் பறவையும் மாடும் மனிதரும் கிளைத்ததும் அவளுக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சேதி மாதிரி. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் கிடைத்தால் தொடங்கிவிடுவாள். இப்படி ஒரு பைத்தியம் தெருவுக்கு ஒன்று இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும்.

இந்தக் கதையை மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. சமுதாயக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உமேஷிடம் நடையாய் நடந்தாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழமை தர்றேம்மா. ஜனம் கடைசிவரைக்கும் உக்காந்தா மாசாமாசம் உனக்குத்தான். பாதியில எழுந்து போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

நான்கு கால்களோடு நிலத்துக்கு வந்த முதுகெலும்பு உயிர்களின் வம்சம் முழுவதற்கும் அறிவியல் தமிழில் நாற்காலிகள் என்று பெயர். அந்தச் சொல்லோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியதில், உட்காருகிற நாற்காலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'நாற்காலிகள் கண்காட்சி. அனுமதி இலவசம்.' கணவன் நீலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டி, தெருத்தெருவாக ஒட்டிவிட்டு வந்தான்.

ஞாயிறு சர்ச்சில் காலைப் பூசை முடிவதற்குள் கூடம் நிரம்பி வழிந்தது. அல்போன்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பாஞ்சாலி கையில் ஒரு கயிற்றோடு வந்தாள்.

"ஆளுக்கு எத்தினி சேரு தர்றே?"

"என்னா சேரு?"

"நீதானே போஸ்டர் ஒட்டுனே, இலவச நாற்காலின்னு! வெளிய ஆட்டோவ வேற நிக்க வச்சிருக்கேன்."

சுவரொட்டியில் என்ன எழுதினோம் என்பது அல்போன்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலி கிடையாது என்று பரவியதும் "சும்னே கூட்டினு வந்து ஏமாத்துறாங்கப்பா" என்று பின்னால் ஒரு குரல் எழுந்தது. உமேஷ் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அல்போன்சா மேடை ஏறினாள்.

"நாற்காலி குடுக்க வரலைங்க. நீங்க அத்தினி பேருமே நாற்காலிதான்னு சொல்ல வந்தேன். தோள்லருந்து தடவிப் பாருங்க. மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு, மணிக்கட்டுல பொடிப்பொடியா, அப்புறம் விரலு. தவளைக்கும் இதே வரிசை. வவ்வாலுக்கும் இதே வரிசை."

சிலர் சிரித்தார்கள். சிலர் நிஜமாகவே தடவிப் பார்த்தார்கள்.

"பாம்புக்கு ஏதுடி காலு? அதை எதுல சேப்பே?" என்றாள் பாஞ்சாலி. நாற்காலி போன ஆத்திரம் அவளுக்கு.

"அதுவும் நாற்காலிதான்க்கா. அதோட முன்னோருங்களுக்குக் கால் இருந்துச்சு. மலைப்பாம்புக்கு இன்னிக்கும் வால்கிட்ட குட்டி நகமாட்டம் ரெண்டு மிச்சம் இருக்குது. காலை எண்ணிப் பாத்து சேக்கறதில்ல, யாரு வழியில யாரு வந்தாங்கன்னு பாத்து சேக்கறது. முதலைக்கு நெருங்கின சொந்தம் பல்லி இல்ல, கோழி!"

கோழி என்றதும் கூட்டம் சிரித்தது. ஆனாலும் ஒவ்வொருவராக எழுந்து வாசல் பக்கம் நகரத் தொடங்கினார்கள். பாதியில் போனால் எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பச்சைமுத்து தன் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். லாரி மோதி ஒரு கால் முழங்காலோடு போனவர். கேட்டில் நின்று நின்று நோகும் மறு காலுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்று மர்பி டவுன் பேட்டையிலிருந்து வந்திருந்தார்.

"அப்போ நானு?"

அவர் முன்னால் கால் கணக்குப் பேசிவிட்டோமே என்று அல்போன்சா கூசிப்போனாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைத்தான் சொன்னாள்.

"காலு போனா வம்சம் போயிடுமாண்ணா? ரெண்டு ஜதைக் காலையும் தொலைச்ச பாம்புக்கே அதுல இடம் இருக்குது."

பச்சைமுத்து முழங்காலோடு நின்றுபோன காலைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு எழுந்துக்கினீங்க? எல்லாம் வந்து உக்காருங்க. நம்ம வம்சத்துக் கதையச் சொல்லிக்கினு இருக்குது இந்தம்மா."

முதலில் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தவர் உமேஷ்.