கையெடுத்தாச்சு

பட்டறையில் அவருக்கு இடி என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் நாலு தெரு அதிரும். பத்தொன்பது வருஷம் பிரஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார், பாவம்.

அந்த மெஷினுக்கு இரண்டு ஆள். எதிரே நிற்பவன் தகட்டை அச்சில் வைத்துவிட்டு, "கையெடுத்தாச்சு!" என்று கத்துவான். அதைக் கேட்ட பிறகுதான் இடி பெடலை மிதிக்க வேண்டும். போன மாதம் எதிரே நின்றது மனைவியின் தம்பி. அவன் வாயைத் திறந்தான், இடி மிதித்தார். மச்சினனின் வலது கையில் இரண்டு விரல் பாதியோடு போயிற்று.

"இருங்கன்னுதான் மாமா கத்தினேன். தகடு சிக்கிடுச்சு."

"பொய் சொல்லாதடா! கையெடுத்தாச்சுன்னுதான் சொன்ன. இந்தக் காதால கேட்டேன்."

பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? கவனக்குறைவு என்று எழுதி மச்சினனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பழக்கதோஷத்துல சொல்லிட்டேன் போல மாமா" என்று கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான். வயிறு எரிகிறது, அதை நினைத்தால்.

இடியிடம் பழைய மர கிட்டார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கொஞ்ச நாளாக அது ஊமையாகிக்கொண்டே வந்தது. மூன்று தடவை கம்பி மாற்றியும் பலனில்லை. "மரம் உளுத்துப்போச்சு. கரண்டுல ஓடுறதாவது கத்தும்ல" என்று விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்பியவர், சும்மா முடங்கிக் கிடக்கிறானே என்று மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் இருப்பதிலேயே மலிவானதை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிக் கொடுத்தார். இடி தட்டினார். எங்கேயோ கொசு பறந்த மாதிரி இருந்தது.

"என்னய்யா, செத்த பெட்டியத் தர்ற! கூட்டி வையி."

கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கூட்டினார். இடி ஓங்கித் தட்டினார். அதே கொசுதான். திட்டலாம் என்று நிமிர்ந்தவர், கண்ணாடி அலமாரி கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்தார். வாசலில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மச்சினன் கட்டுப்போட்ட கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான்.

இருங்க மாமா, இருங்க என்கிறான். உதட்டைப் பார்த்தால் தெரிகிறது. அன்றைக்கும் இதே வாய்தான், இப்படித்தான் திறந்தது. இடிதான் அன்றைக்கு அந்த உதட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

கிட்டாரைக் கீழே வைத்தார்.

"எனக்குக் காது கேக்கலடா! அன்னைக்கும் கேக்கல! நீ இருங்கன்னுதான் கத்தியிருக்க!"

கடைக்காரர் அதற்குள் பெட்டியை அணைத்துவிட்டிருந்தார். அமைதியான கடைக்குள் அவர் குரல் மட்டும் இடியாக இடித்தது. மச்சினன் அந்தக் கட்டுக்கையால் முகத்தை மூடிக்கொண்டு என்னவோ சொன்னான். வாய் தெரியவில்லை. இடிக்குக் கேட்கவில்லை.