பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெட்டி

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் என் உள்ளங்கைகளைப் பார்க்கலாம். கயிறு உருவிக்கொண்டு போன தழும்பு அப்படியே இருக்கிறது. வயது போன பிறகு எழுத்துக் கற்றவன் நான். நடந்ததைத்தான் எழுத வரும்.

லாரியிலிருந்து பெரிய இயந்திரங்களைப் பலகைச் சரிவில் இறக்குவது எங்கள் வேலை. நாலு கயிறு, நாலு ஆள். கீழே நின்று குரல் கொடுப்பவர் என் அண்ணன். எங்களுக்குள் ஒரே சட்டம். அவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவன் மட்டும் கயிற்றை விட வேண்டும். மற்றவர்கள் உயிரே போனாலும் பிடித்திருக்க வேண்டும்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனின் குரல் ஈர்க்குச்சியாகிவிட்டது. லாரி இரைச்சலில் கேட்கவே கேட்காது. குரல் இல்லையென்றால் வீட்டிலேயே உட்காரட்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால்தான் குரலைக் கூட்டும் பெட்டி வாங்க இருவரும் கடைக்குப் போனோம்.

இடுப்பில் கட்டுகிற மூன்று பெட்டிகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். மைக்கை வாயருகே மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் பெட்டி, அண்ணன் பேசும் முன்பே கீச்சென்று ஊளையிட்டது.

"இது என்னைவிட அதிகமா அழுவுது. வேண்டாம்," என்றார்.

இரண்டாவதில் அவருடைய மெலிந்த குரலே உரக்கக் கேட்டது. எனக்கு அது போதும் என்று பட்டது. மூன்றாவது பழசு. யாரோ திருப்பிக் கொடுத்தது. அதில் பேசினார்...

அவருடைய பழைய குரல். தெருவே திரும்பிப் பார்க்கிற குரல்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் முகம்தான் சரியில்லை. "இது சத்தத்தைத்தான் கூட்டும்ணே. குரலை மாத்தாது," என்று முணுமுணுத்தார். அண்ணன் அதற்குள் பெட்டியை இடுப்பில் கட்டியிருந்தார்.

மறுநாள். நல்ல வெயில். நாலாவது கயிற்றுக்கு ஒரு மாற்றாள் வந்திருந்தார். தலை நரைத்தவர். பெயர் கேட்க நேரமில்லை. 'பெரியவரே' என்பதையே கூப்பிடு பெயராக வைத்துக்கொண்டோம்.

இயந்திரம் பாதிச் சரிவில் நின்றது. அண்ணன் அதற்கு நேர் கீழே.

பெட்டி லேசாக இரைந்தது. யாரோ மூச்சை இழுப்பது போல...

அண்ணனின் உதடு மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒட்டடைக்குச்சி... விடு."

என் பட்டப்பெயர். அண்ணன் குரல்.

விட்டேன்.

நாலு கயிறும் ஒன்றாக உருவின.

அண்ணன் பிழைத்தார். ஒரு கால் போய்விட்டது. கண் விழித்ததும், "நான் யாரையும் கூப்பிடலடா," என்று காற்றாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்குள் சண்டை. என் பெயர்தானே வந்தது, நீ ஏன்டா விட்டாய் என்று இரண்டாவது கயிற்றைப் பிடித்திருந்த தொந்தியின் சட்டையைப் பிடித்தேன்.

"உன் பேரா? என் பேருடா வந்துச்சு," என்றான் தொந்தி.

மூன்றாவது கயிற்றுக்காரனும் தன் பெயர் என்றான்.

மாற்றாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரே என்று கூப்பிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"சின்ன வயசுல எங்கம்மா ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அந்தப் பேரு வந்துச்சு."

சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அவங்க போன பிறகு, அந்தப் பேரு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."