இசைவாணியின் தடிக்கம்பி மத்தாப்பு

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்பது நெருப்போடு குடித்தனம் நடத்துகிற படிப்பு. இரும்பைக் காய்ச்ச வேண்டும், உருக்க வேண்டும், தீட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். எதைச் செய்தாலும் பொறி பறக்கும். இசைவாணி பிறந்த வீட்டுக்கோ பொறி ஆகாது. சில வீடுகளுக்குப் பூசணிக்காய் ஆகாது என்பார்களே, அந்த மாதிரி. இந்தச் சங்கதி கவுன்சிலிங் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கட் ஆஃப் மதிப்பெண்ணைப் பார்த்தது, விருதுநகருக்கு வெளியே சூலக்கரை தாண்டி ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கவனிக்கப் போய்விட்டது.

அம்மா சின்னத்தாய்க்கு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புப் பிரிவில் வேலை. கம்பிகளைச் சட்டத்தில் செருகி, மருந்துக் குழம்பில் முக்கி எடுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். அங்கே சட்டதிட்டம் அதிகம். செருப்பை வெளியே விட வேண்டும். நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். ஓடக் கூடாது. ஓட வேண்டி வந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும்.

சின்னத்தாய் இந்தச் சட்டங்களைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தால் முதுகில் ஒன்று விழும். கரண்டி கை தவறினால் வீடே மூச்சை நிறுத்தி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடும். அப்படி வளர்ந்த இசைவாணி, கல்லூரியில் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் முதலில் இரும்பு வாசல்நிலையைத் தொடுவாள். பக்தியான பிள்ளை என்று பேராசிரியர்கள் இன்டர்னல் மதிப்பெண்ணில் தாராளமாக இருந்தார்கள்.

முதல் வருஷம் தப்பித்துவிட்டாள். பிராக்டிகலில் எந்த வேலை என்பது குலுக்கல் சீட்டில் வரும். அவளுக்குத் தச்சு வேலை வந்தது. மரம் பொறி கக்காது. இரண்டாம் வருஷம் மேனுஃபேக்சரிங் லேபில்தான் சனி பிடித்தது. அந்த லேபுக்கு இன்ஸ்ட்ரக்டர் சங்கையா. முப்பது வருஷமாகப் பிள்ளைகளை மேய்த்ததில் எதற்கும் அசராதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர் முதல் நாளே போயிற்று.

வாசலில் ஒரு ஜோடி ஷூ கழற்றிவிடப்பட்டிருந்தது.

"யாருதும்மா இது? இதென்ன மாரியம்மன் கோயிலா? ஷூ போடாம லேபுக்குள்ள வரக் கூடாது."

"போட்டுக்கிட்டு உள்ள வரலாமா சார்?" என்றாள் இசைவாணி, ஷூவோடு கருவறைக்குள் வரச் சொன்னதைப் போல.

அதோடு போயிருந்தால் நல்லது. சங்கையா அடுத்து உளியைத் தீட்டிக் காட்டுவதற்காகச் சாணைச் சக்கரத்தைப் போட்டார். உளி பட்டது. பொறி மழையாகக் கொட்டியது. "ஓடுங்க" என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் முனியராஜின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இசைவாணி வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். போகிற போக்கில் சுவரில் தொங்கிய மணல் வாளியை எடுத்துச் சக்கரத்தின் மேல் கவிழ்த்துவிட்டும் போனாள். வகுப்பில் பாதிப் பேர் பட்டாசு ஊர்ப் பிள்ளைகள்; காரணம் கேட்காமல் பின்னாலேயே ஓடினார்கள். நகராமல் நின்றவர்கள் ஆலங்குளத்துப் பிள்ளைகள். அது சிமெண்ட்டு ஊர். அங்கே எதுவும் வெடிக்காது, தூசிதான் பறக்கும்.

தலை முழுக்க மணலோடு சங்கையா வெளியே வந்தார். "ஏம்மா, என்னைய மட்டும் ஏன் விட்டுட்டு ஓடுன?"

"நீங்கதான் சார் பத்த வச்சீக."

சங்கையா குனிந்து தலையிலிருந்த மணலை உதறினார்.

ஆர்க் வெல்டிங் வந்தபோது நிலைமை முற்றியது. வெல்டிங் ராடின் நுனியால் இரும்புத் தகட்டைத் தொட்டு, லேசாகத் தூக்கிப் பிடித்தால் ஜோதி நிற்கும். அப்படியே நகர்த்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. இசைவாணி தொடுவாள். ஜோதி பளீரென்று வரும். மறுகணம் ராடைப் பிடிக்கிற ஹோல்டர் தரையிலும் அவள் வேப்பமரத்தடியிலும் இருப்பார்கள். இரண்டு காதையும் பொத்தியிருப்பாள்.

"வெடிக்காதும்மா, வா."

"கொஞ்சம் பொறுங்க சார். சிலது லேட்டா வெடிக்கும்."

முனியராஜுக்குக் கொண்டாட்டம். "ஏ இசை, போற வழியில அந்த டீக்கடையில ஒரு வடை வாங்கிட்டு வந்துரு" என்பான்.

சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பானதில்லை. ஓசூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கேம்பஸுக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. ஒரு பாடத்தில்கூட அரியர் இருக்கக் கூடாது என்பது அவர்களது நிபந்தனை. தியரியை எழுதித் தாண்டிவிடலாம், பிராக்டிகலை எழுதித் தாண்ட முடியாது. சின்னத்தாயோ மகள் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே மத்தாப்புப் பிரிவு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். சீட்டில் வெல்டிங் வந்தால் மகளின் வேலையும் தாயின் மானமும் சேர்ந்தே வேப்பமரத்தடிக்குப் போகும்.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் சங்கையா ஒரு ராடை எடுத்து, பூசாரி எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தருகிற தோரணையில் அவளிடம் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போ. சும்மா கையில பிடிச்சுப் பழகு. பயம் தெளியட்டும்."

சாயங்காலம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க மகளின் பையைத் திறந்த சின்னத்தாய் கையில் அது அகப்பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இது எந்தக் கம்பெனி மத்தாப்பு? கம்பி இம்புட்டுத் தடியா இருக்கு. வெளிநாட்டு ஆர்டரா?"

"அய்ய, அது மத்தாப்பு இல்லம்மா. வெல்டிங் ராடு. கரண்ட்டுல பத்தும்."

"கம்பிதான?"

"ஆமா."

"மேல மருந்து முக்கித்தான இருக்கு?"

"அது மருந்து இல்ல, ஃபிளக்ஸுன்னு ஒரு பூச்சு."

"என்ன எளவோ. பிடிக்கிறதுக்கு அடியில வெறுங்கம்பி விட்டிருக்கான். நுனியில பொறி வருமா?"

"வரும்."

"பெறகு எங்கிட்டு இது மத்தாப்பு இல்லாமப் போச்சு? இம்புட்டு வருசம் படிக்க வச்சு மத்தாப்பு தெரியல உனக்கு."

இசைவாணி வாயைத் திறந்தாள். ஃபிளக்ஸின் பயன்களை நாலு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து நாலு பக்கமும் மறந்துபோய், தீபாவளித் தெருதான் ஞாபகத்துக்கு வந்தது. லட்சுமி வெடிக்கு ஓடியிருக்கிறாள். அணுகுண்டுக்கு ஓடியிருக்கிறாள். புஸ்வாணத்துக்குக்கூட நாலடி ஒதுங்கியிருக்கிறாள். கம்பி மத்தாப்புக்கு மட்டும் யாரும் ஓடி அவள் பார்த்ததில்லை. பால்குடி மறக்காத பிள்ளையும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னத்தாய் ராடைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். மத்தாப்பு என்று முடிவான பின் அடுப்பிருக்கிற வீட்டில் அதை உலர விட்டுவைக்க அவருக்குச் சம்மதமில்லை. காலையில் பார்த்தால் மருந்து பாதி உரிந்து, உரித்த முருங்கைக்காய் மாதிரி கிடந்தது.

பிராக்டிகல் அன்று மதிப்பெண் போடத் திருநெல்வேலியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்திருந்தார். பிள்ளைகள் சிரித்தால் மதிப்பெண்ணைக் குறைப்பவர், தான் சிரித்தாலும் குறையும் என்று நம்புகிறவர். இசைவாணி சீட்டை எடுத்தாள். ஆர்க் வெல்டிங். வழக்கமாக அவள் பக்கம் வராத விதி இன்றைக்குப் பஸ் பிடித்து வந்திருப்பதை முனியராஜ் பார்த்தான். வடை கேட்க அவனுக்கே மனம் வரவில்லை. சங்கையா வாசலுக்கும் வெல்டிங் மேசைக்கும் நடுவே கிடந்த ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். பிள்ளை ஓடும்போது தடுக்கி விழக் கூடாது பாருங்கள்.

இசைவாணி மேசையருகே போனாள். பழக்க தோஷம், முதலில் தகட்டைத் தொட்டாள். எக்ஸ்டர்னல் நிமிர்ந்தார். "வெரி குட். எர்த் கனெக்‌ஷனை செக் பண்ணுது பாருங்க" என்று சங்கையாவிடம் சொல்லிக் குறித்துக்கொண்டார். சங்கையா முப்பது வருஷ அனுபவத்தோடு தலையை ஆட்டினார்.

கையுறை போட்டாள், ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். லேபில் கொடுத்த புது ராடை லேசாகச் சாய்த்து நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மத்தாப்பிலிருந்து தன் மத்தாப்பைப் பற்றவைக்கிறவள் எப்படி அழுத்தாமல், அவசரப்படாமல் நுனியைக் காட்டிக் காத்திருப்பாளோ, அப்படித் தொட்டு எடுத்தாள். பளீரென்றது. முனியராஜ் கதவை நன்றாகத் திறந்துவிட்டான்.

அவள் ஓடவில்லை. சடசடவென்று பொறி சிதற, ராடு எரிந்து குறையக் குறைய, கையும் இறங்கிக்கொண்டே இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போனது. ஷீல்டுக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எக்ஸ்டர்னல் குறைத்திருப்பார்.

முடிந்ததும் நாலு பக்கமும் தேடினாள். மூலையில் தண்ணீர் வாளி இருந்தது. மிச்சத் துண்டை அதில் போட்டாள். சுர்ரென்றது.

"அதை ஏம்மா தண்ணியில போட்ட?" என்றார் எக்ஸ்டர்னல்.

"பிள்ளைக மிதிச்சிருமே சார்."

எக்ஸ்டர்னல் குனிந்து லேபில் இருந்த கால்களையெல்லாம் பார்த்தார். எல்லாக் கால்களிலும் ஷூ இருந்தது. ஆனாலும் பாதுகாப்பு என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார். மேலே படிந்திருந்த கசடைத் தட்டிப் பார்த்தபோது ஒட்டு கொஞ்சம் வளைந்துதான் போயிருந்தது. மத்தாப்பைப் பிடித்த கை நேர்கோட்டில் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் தகடுகள் பிரியவில்லை; சங்கையா சுத்தியலால் அடித்தும் பிரியவில்லை.

"சார், இன்னொண்ணு பத்த வச்சுக்கிடவா?" என்று கேட்டாள் இசைவாணி.

ரிசல்ட் வந்த அன்று சின்னத்தாய் கம்பெனிக்குக் காராச்சேவு வாங்கிப்போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் எல்லோருக்கும் கொடுத்தார்.

"என் மக அரியரு இல்லாம எல்லாத்துலயும் பாஸாயிட்டா. தடிக்கம்பி மத்தாப்புலதான் கொஞ்சம் திணறுனா. அதையும் தாண்டிட்டா."

பக்கத்தில் இருந்த பாலம்மாள் இன்னொரு பிடி சேவை எடுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் சரி மதினி. அம்புட்டுத் தடியா இருந்தா, காய எத்தனை நாள் வெயில் பிடிக்கும்?"