ஈரத் தரையும் ஆணிச் செருப்பும்

சிமெண்டுத் தரைக்கு எபாக்ஸி என்கிற பிசின் பூச்சு போடுவதற்கு முன்னால் அதை அடித்துக் கிழிக்க வேண்டும். வழவழவென்று இருக்கிற தரையில் எபாக்ஸி ஒட்டாது, அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிடும். அதனால் கிரைண்டிங் மிஷினை விட்டுச் சுரண்டுவார்கள். அது போடுகிற சத்தத்தில் பல் கூசும், நெஞ்சுக்கூடு அதிரும். பக்கத்தில் நிற்கிறவர் வாயசைப்பது தெரியும், பேச்சு கேட்காது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வெளி ஆட்களைக் கண்டால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்கிற பழக்கம், அஞ்சாவது படிக்கும்போது வந்தது, தலை நரைத்தும் போகவில்லை. நான் அந்தச் சிமெண்டுத் தூசியைக் கூட்டி அள்ளுகிறவள். தூசி கூட்டுகிறவள் எப்படியும் வாயை மூடித்தான் ஆகவேண்டும். அதனால் யாரும் அதை வெட்கம் என்று நினைத்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தரை போடுவோம். மேஸ்திரி, பூச்சின் மேல் ரோலர் உருட்டுகிற பட்டாபிராம்காரர் ஒருத்தர், என் மருமகன், என் மகள், நான். அவ்வளவுதான் எங்கள் கூட்டம். மகளைக் கட்டிக்கொடுத்தது நெமிலிச்சேரியில். நான் வெள்ளானூரில் தனியாக இருக்கிறேன்.

மருமகன் அடிப்பான். முதலில் அவள் மணிக்கட்டில் வீக்கத்தைப் பார்த்தேன். ஏணியிலிருந்து விழுந்தேன் என்றாள். அடுத்த தடவை கன்னத்தில். ரோலர் கழி பட்டுவிட்டது என்றாள். அப்புறம் பட்டி இழுக்கிற தகடு, டின் மூடி, மிக்ஸிங் மிஷினின் கம்பி என்று வேலைச் சாமான் ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டாள். கடைசியில் சொல்லச் சாமான் இல்லாமல் போனபோது, “கேக்காதம்மா” என்றாள். நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் போன் வரும், வந்து பொணத்தைப் பாருங்கள் என்று சொல்வார்கள் என்று எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. காலையில் ஆவடியில் ரயில் வந்து நின்றதும் பெண்கள் பெட்டி ஜன்னலில், நெமிலிச்சேரியிலேயே ஏறிவிட்ட அவள் முகம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தெரிந்தால் அன்றைக்கு இருக்கிறாள். அப்புறம்தான் ஏறுவேன்.

எபாக்ஸி இரண்டு டின்னாக வரும். ஒன்று கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும், இன்னொன்று அதை இறுக வைக்கிற ஹார்டனர். ரெண்டையும் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டால் பிறகு நிற்கக் கூடாது, உடனே தரையில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். பக்கெட்டிலேயே விட்டால் தானாகக் கொதிக்கும். அடுப்பே இல்லாமல் புகை வரும், பக்கெட் இளகும், கடைசியில் கல்லாகிவிடும். பரப்பின தரையிலும் வெறுங்காலை வைக்கக் கூடாது. ஆணிச் செருப்பு போட்டவன்தான் போகலாம். அது ஒரு பலகை, அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஆணிகள், மேலே வார். போட்டிருக்கிற ரப்பர் செருப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். ஆணி குத்தின ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். எங்களிடம் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று ரோலர்காரருக்கு, ஒன்று மருமகனுக்கு.

அன்றைக்குக் கத்திரி வெயில். தகரக் கூரை போட்ட ஷெட். மகள் பிரஷ்ஷோடு சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு விளிம்புக்கு அடித்துக்கொண்டே போனாள். உள் சுவரிலிருந்து வாசலைப் பார்த்துக் கொட்டிக்கொண்டு வர வேண்டும். கொட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் உள்ளே இருப்பவரை ‘வெளியே வா’ என்று கூப்பிடுவது வழக்கம். அன்றைக்கு மேஸ்திரி கூப்பிட்டிருப்பார் என்று ரோலர்காரர் நினைத்தார், ரோலர்காரர் கூப்பிட்டிருப்பார் என்று மருமகன் நினைத்தான். நிமிர்ந்து பார்த்தால், மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் காய்ந்த தரை, அதில் என் மகள், அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் குளம் மாதிரி ஈரம்.

இந்த வேலையில் இப்படி மாட்டுவது உண்டு. மாட்டினவரைக் கேலி செய்வதும் உண்டு.

“இன்னா தங்கச்சி, மூலையில குடித்தனம் வச்சிட்டியா?” என்றார் ரோலர்காரர்.

“காயற வரைக்கும் அங்கயே பொம்மையாட்டம் குந்திக்கினு இரு. நாளைக்கு வந்து இட்டுகினு போறோம்,” என்றார் மேஸ்திரி.

“அப்ப சோறு?” என்றாள் மகள்.

“உம் புருஷன் பறந்து வந்து ஊட்டுவான். ஏம்பா, ஊட்டுவ இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. முந்தானைக்குள் நானும் சிரித்தேன். மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. ரப்பர் பட்டை வைத்த நீளக் கழியைக் கையில் பிடித்தபடி, ஈரத்தின் மேல் சரக் சரக்கென்று அவளிடம் நடந்து போனான். முதுகில் ஏற்றிக்கொண்டு வரப் போகிறான் என்று நினைத்தேன். மாட்டினவரை அப்படித்தான் கொண்டு வருவார்கள்.

“நாலு பேர் எதிர்ல என்னிய வச்சு சிரிக்கிறியா?” என்றான். கழி அவள் காதோரம் இறங்கியது.

கழி உடைந்தது. உடைந்த பாதியால் அடித்தான். அவள் சுவரோடு ஒண்டினாள். ஓட இடமில்லை. அவன் வீட்டில் கூட ஒரு வாசப்படி உண்டு, இங்கே அதுவும் இல்லை.

“டேய், உட்றா! ஊட்ல போய் வச்சிக்கடா!” என்று மேஸ்திரி கத்தினார். அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பி, “யாரும் கால வைக்காதீங்க! தரை கெட்டுடும்!” என்றார்.

இன்னொரு ஜோடி ஆணிச் செருப்பு ரோலர்காரர் காலில் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேஸ்திரியிடம், “புருஷன் பொண்டாட்டி வெவகாரம் அண்ணாத்தே. நடுவுல பூந்தா எனக்குத்தான் பேஜாரு” என்று சொல்லி ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

மகள் கீழே விழுந்தாள். அவன் காலைத் தூக்கி அவள் தொடையில் மிதித்தான். ஆணிச் செருப்போடு மிதித்தான். அவள் போட்ட சத்தம் மனுஷி சத்தமாக இல்லை. புடவையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் வந்து, ஒன்றாகிப் படர்ந்தன. மறுபடி காலைத் தூக்கினான். இந்தத் தடவை அவன் பார்த்தது வயிற்றை.

என் பக்கத்தில் ஒரு பக்கெட் இருந்தது. கேலி தொடங்குவதற்கு முன்பே மேஸ்திரி கலக்கி வைத்தது. யாரும் கொட்டாததால் கால் பக்கெட் சாமான் புகைந்துகொண்டிருந்தது. நாற்றம் மூக்கை அறுத்தது. நான் பிடியைத் தூக்கினேன், ஈரத்தில் காலை வைத்தேன்.

“யம்மா! தரை! தரை!” என்று மேஸ்திரி பின்னாலிருந்து அலறினார்.

கால் வழுக்கியது, ஒட்டியது, திரும்ப வழுக்கியது. நடுவில் ஒரு முழங்கால் தரையில் போய்க் குத்தியது. பக்கெட்டை விடவில்லை. அதன் சூடு புடவை வழியாகத் தொடையில் ஏறியது. மருமகன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா அத்தே, வாயே தொறக்க மாட்ட, இப்ப பக்கெட்ட தூக்கிகினு வந்துட்ட? போ அப்பால.”

பக்கெட்டை அவன் இரண்டு கால் மேலும் கவிழ்த்தேன்.

தண்ணீர் சுட்டால் வழிந்துவிடும். இது வழியாது. தோலோடு பிடித்துக்கொண்டு உள்ளேயே வேகும். அவன் குதித்தான், வாரைக் கழற்றக் கையை விட்டான், கையும் வெந்தது. ஈரத்தில் மல்லாந்து விழுந்து துடித்தான். முகமும் தலைமுடியும் சாம்பல் நிறமாயின. எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து வழுக்கினான். “கெழவி, உன்ன கொல்லாம உடமாட்டேன்டி” என்று கத்தினான். அவன் கையிலிருந்து விழுந்த பாதிக் கழியை எடுத்து, அந்த வாயின் மேல் ஒரு தடவை அடித்தேன். இன்னும் அடித்திருப்பேன். மகள் என் புடவையைப் பிடித்து, “ம்மா, போலாம்” என்றாள்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதே ஈரத்தில் திரும்பி நடந்தேன். ரோலர்காரர் அப்போதுதான் ஓடிவந்து இன்னொரு பக்கம் தாங்கினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

ஆட்டோ வைத்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், தனித்தனி ஆட்டோ. அவன் பாதத்துத் தோல் அந்தச் சாமானோடு சேர்ந்து உரிந்தது என்று சொன்னார்கள். மகளுக்குத் தையல். ஒரு காது இப்போதும் சரியாகக் கேட்பதில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

மகளை என்னோடு வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து அவன் ஆத்தாளும் அண்ணனும் வெள்ளானூருக்கு வந்து வாசலில் நின்று கத்தினார்கள். அண்ணன்காரன் என் தண்ணீர்க் குடத்தை உதைத்து நசுக்கினான். “நடக்க முடியாம கெடக்கறான். பொண்டாட்டின்னு வந்து பாத்துக்கறாளா இல்லியா, இப்ப தெரியணும்” என்றாள் ஆத்தாள். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். போகிறேன் என்று மகள் சொல்லிவிடுவாளோ என்று அவளையே பார்த்தேன். அவள் நொண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நசுங்கின குடத்தை எடுத்தாள், அந்த அண்ணன்காரன் காலடியில் வீசினாள். “வேற குடம் வாங்கி வச்சிட்டுப் போ” என்றாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தத் தரையைத் திரும்பச் சுரண்ட மேஸ்திரி எங்களைத்தான் கூப்பிட்டார். வேறு யாரும் அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை போல. போனோம். என் பாதத் தடம் பத்துப் பதினைந்து, நானும் அவளும் திரும்பி வந்த தடம் ரெண்டு வரிசை, அவன் விழுந்து புரண்ட இடம் ஒரு பள்ளம், எல்லாம் கல்லாகிக் கிடந்தன. மூலையில் அவள் ரத்தம் பட்ட இடம் பழுப்பாக இருந்தது. மிஷின் அதன் மேல் ஏறியது. நான் தூசியைக் கூட்டினேன்.

“யம்மா, நீ தூசிய மட்டும் பாரு. பக்கெட்டு கிட்ட போவாத,” என்றார் மேஸ்திரி. வேடிக்கைக்குத்தான் சொன்னார், ஆனால் பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மகள் அவரிடம், “அந்த ஆணிச் செருப்பு எங்க?” என்று கேட்டாள்.

“எது, அவனுதா? அது வீணாப் போச்சும்மா. கட்டி கட்டியா ஒட்டிகினு கீது.”

“குடு. இனிமே எனக்கு.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். அவர் போய் ஒரு சாக்குப் பையிலிருந்து எடுத்து வந்து போட்டார். மகள் வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, செருப்பைத் தலைகீழாக மடியில் வைத்து, சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தாள். ஆணிகளுக்கு நடுவில் கல்லாகிப்போன எபாக்ஸி சில்லு சில்லாகத் தெறித்தது. ஒரு சில்லு என் கன்னத்தில் பட்டுச் சுரீரென்றது. நகர்ந்து உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.