மழைக்கு நின்ற பொம்மை

போன வாரம் மகள் லேப்டாப்பில் ஒரு விளையாட்டை இறக்கினாள். யாரோ இரண்டு பேர் வீட்டிலிருந்தே செய்த புது விளையாட்டாம். ஆனால் பார்க்க அந்தக் காலத்து டிவி கேம் மாதிரியே இருந்தது. கட்டம் கட்டமான ஒரு பொம்மை காடு மேடெல்லாம் அலைகிறது. "வேணும்னேதான் பழசு மாதிரி செஞ்சிருக்காங்கம்மா" என்றாள். அந்தக் கீச்சு இசையைக் கேட்டதும், சூடேறிய அடாப்டரின் வாசனை எனக்கு வந்துவிட்டது. லேப்டாப்பை மோந்துகூடப் பார்த்தேன்.

அது ராஜேஸ்வரி அக்கா கடையின் வாசனை. கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்திலேயே அக்காவின் டிவி கேம் கடை; மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடலாம். பள்ளிக்கூடம் விட்டதும் கார் ரேசும் சண்டையுமாக இரைச்சல் தாங்காது. மதியம் ஈ காக்கை இருக்காது. நான் டிபன் டப்பாவோடு அங்கே போய்விடுவேன்.

பையன்கள் சீந்தாத கேசட் ஒன்று அங்கே கிடந்தது. லேபிள் கிழிந்து பெயரே இல்லை. திரையில் வரும் எழுத்தும் புரியாது. "ஜப்பான் எழுத்துக்கா" என்று நான் அடித்துச் சொன்னேன். நாள் பூராவும் காகிதத்தைப் பார்க்கிறவள் என்கிற மிதப்புதான், வேறென்ன. அதில் சண்டையே கிடையாது. பொம்மை நடக்கும், கதவு தட்டும், கிணற்றை எட்டிப் பார்க்கும். கடைசியில் ஒரு வறண்ட குளம். கரையில் தரைதட்டிய படகு, அக்கரையில் விளக்கெரியும் வீடு. குளத்துக்குள் கால் வைத்தால் பொம்மை செத்துப்போகும். மாசக்கணக்கில் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றோம். இதில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

பையன்கள் ஒவ்வொருவராக பிரவுசிங் சென்டருக்கு மாறினார்கள். கடையை ஏறக்கட்டச் சொல்லிவிட்டார் அக்கா வீட்டுக்காரர். கேம் செட்டை விலைக்கு எடுத்துப்போக விளாத்திகுளத்திலிருந்து ஆள் வருகிற அன்று, அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு விட்டா அந்த வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே போயிரும்."

படகு வரைக்கும் வந்துவிட்டோம். நான் பரபரவென்று எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். அக்கா ரிமோட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"சும்மா இரு. கொளம் எங்க ஊரு புதூர்க் கரிசக்காடு மாதிரியே வெடிச்சுக் கெடக்கு. மழ வரட்டும், பாப்போம்."

"டிவிக்குள்ள எங்கனக்கா மழ வரும்?"

"வந்தா வருது, வராட்டிப் போகுது."

சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து செட்டுக்கு ஆளும் வந்துவிட்டார். "அண்ணாச்சி, செத்த உக்காருங்க" என்றாள் அக்கா. அவரும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். திரை மெல்லக் கறுத்தது. வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்தன. மழை! குளம் நிறைந்து படகு அசைந்ததும் அக்கா எச்சில் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

படகு அக்கரை சேர்ந்ததும் வீட்டுக் கதவைத் திறந்து ஒரு பொம்பளை வந்தாள். அவள் பேசியது அந்தப் புரியாத எழுத்தில் இரண்டு வரியாக வந்தது. திரை இருண்டது. அவ்வளவுதான்.

"என்ன சொன்னா?" என்றார் அண்ணாச்சி.

"இவ்வளவு நாளா எங்கன போனன்னு கேக்கா" என்றேன் நான்.

"இல்லட்டி, நனையாம உள்ள வான்னு சொல்லுதா" என்றாள் அக்கா.

"கதவச் சாத்திட்டுப் போங்கன்னுல்லா எனக்குத் தோணுது" என்று எழுந்து, அண்ணாச்சி வயர்களைச் சுற்ற ஆரம்பித்தார். அக்கா வெகுநேரம் காலி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாலையை அகலப்படுத்தியதில் அந்தச் சந்தே இப்போது இல்லை. அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். இன்றைக்கு எந்த ஊர் எழுத்தைக் காட்டினாலும் போன் படித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் எதைக் காட்ட? அந்த இரண்டு வரியில் ஒரு எழுத்தின் வளைவுகூட எனக்கு நினைவில்லை.